ஐந்து முப்பதில் நின்ற ஊர்

சித்திரை நாலாம் தேதி முற்பகல் பதினொன்றே கால் மணிக்கு, கொழிஞ்சிப்பட்டிக்கு மேலே உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்த சூரியன், வீட்டில் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தவரைப் போலச் சற்று நின்று, பிறகு வந்த வழியே இறங்கி, சிறுமலைக்குப் பின்னால் போய்விட்டது. காக்கைகள் கூட்டுக்குத் திரும்பின. புளியமரத்தடியில் அசை போட்டுக்கொண்டிருந்த மாடுகள் எழுந்து தாமாகவே தொழுவத்துக்கு நடந்தன. பனி இறங்கியது. சேவல்கள் கூவின. ஊரிலிருந்த எல்லாக் கைப்பேசிகளும், பள்ளிக்கூடத்துச் சுவர்க் கடிகாரமும், தபால்காரர் கையில் கட்டியிருந்த கடிகாரமும் மணி ஐந்து முப்பது என்று காட்டின. ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி அண்ணாந்து பார்த்து, "இதென்னடி, மறுபடியும் விடியப் போகுதா?" என்று கேட்க, "விடிஞ்சா விடியட்டும், அந்தச் சோப்ப இப்பிடித் தள்ளு" என்றாள் இன்னொருத்தி.

அந்த நேரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருந்த மோட்டார் அறையில், மடியில் பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு மங்கையர்க்கரசி உட்கார்ந்திருந்தாள்.

ஊரில் அவளை அரசி என்பார்கள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். கல்யாணத்துக்கு முன் நாலு வருஷம், சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில், செல்போன் போர்டுகளைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து ஈயப்பற்று சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து அனுப்பியவள். சோணைமுத்துவைக் கட்டிக்கொண்டு கொழிஞ்சிப்பட்டிக்கு வந்த பிறகு, பஞ்சாயத்துத் தலைவர் வேலுத்தாய் அவளை டேங்க் ஆபரேட்டராக வைத்துக்கொண்டார். சோணைமுத்துவுக்கு மல்லிகைத் தோட்டம். அவர்களுக்கு மோனிஷா என்று ஒரே மகள், ஒன்பது வயது. போன ஐப்பசியில் காய்ச்சலில் படுத்தவள், ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில், விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு இறந்துபோனாள். கட்டிலுக்கு நேர் எதிரே சுவரில் கடிகாரம் இருந்தது. நர்ஸம்மா அண்ணாந்து பார்த்துத்தான் தாளில் நேரத்தை எழுதினார். அரசியும் அண்ணாந்து பார்த்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு எதுவும் சரியாக உறைக்கவில்லை.

அழுகை வரவில்லை. பிறகு வரும் என்று இருந்தாள், பிறகும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட கன்னம் போல உடம்பு முழுக்க ஆகிவிட்டது. சோறு வாயில் போனது, இறங்கியது. துக்கம் கேட்க வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதபோது அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். ஒரு நாளில் ஒரு நிமிஷம் மட்டும் அவளால் தாண்ட முடியாமல் இருந்தது. தினமும் விடியற்காலை தானாகக் கண் விழித்து, படுத்தபடியே கைப்பேசியைப் பார்ப்பாள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. அந்த நாற்பது ஒரு நிமிஷம் நிற்கும். ஆட்டுரல் குழவியைத் தூக்கி நெஞ்சில் வைத்தது போல நிற்கும். நாற்பத்தொன்று ஆனதும் எழுந்து பல் தேய்ப்பாள். சோணைமுத்து அதற்கு முன்பே எழுந்து தோட்டத்துக்குப் போயிருப்பான். பூ எடுக்கும் நேரம் அது, அதனால் போகிறான் என்று நினைத்திருந்தாள். இருவரும் மகளைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. உப்பு எங்கே, துண்டு எங்கே என்பது போன்ற பேச்சுதான் வீட்டில் இருந்தது.

அந்தச் சித்திரையில் ஒரு கோடை இடி இறங்கி மோட்டார் அறையிலிருந்த குட்டிக் கம்ப்யூட்டரின் உயிரை வாங்கிவிட்டது. சீட்டுக்கட்டு அளவே இருக்கும் பச்சை போர்டு அது. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டாரை ஓட்டும், நிறைந்தால் நிறுத்தும், பொழுது சாய்ந்தால் தெருவிளக்கைப் போடும், காலை ஆறு மணிக்கு அணைக்கும். அதை வைத்துவிட்டுப் போன ஆட்கள் போனை எடுக்கவில்லை. இரண்டு நாளாக ஊருக்குத் தண்ணீர் இல்லை. குடங்கள் தொட்டியடியில் வரிசையாகக் காத்துக் கிடந்தன.

"ஏத்தா அரசி, புது போர்டு வாங்கியாந்தாச்சு. உனக்குத் தெரிஞ்சத வச்சு உசுரக் குடு" என்றார் வேலுத்தாய்.

"போர்டு வெறும் போர்டா இருக்கு அத்தை. அதுக்கு உள்ள சிஸ்டம் ஏத்தணும்."

"ஏத்து."

நகரத்துக்குப் போய் பிரவுசிங் சென்டரில் அந்தச் சிஸ்டத்தை லேப்டாப்பில் இறக்கிக்கொண்டு வந்தாள். நகக்கண் அளவிலான மெமரி கார்டில் அதை எழுதினாள். எழுதி முடிக்கும் வரை பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார்டைப் போர்டின் வயிற்றில் செருகி, கறுப்பு, வெள்ளை, பச்சை என்று மூன்று மெல்லிய வயர்களால் போர்டையும் லேப்டாப்பையும் இணைத்து, கரண்ட் கொடுத்தாள். சிவப்புப் பொட்டு ஒன்று எரிந்தது. திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடத் தொடங்கின. நினைவகம் இருக்கிறதா, இருக்கிறது; கார்டு இருக்கிறதா, இருக்கிறது; கை கால் எல்லாம் இருக்கிறதா என்று பிறந்த பிள்ளையைப் புரட்டிப் பார்ப்பது போல அந்தப் போர்டு தன்னைத்தானே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. பிறகு அவளைக் கேள்வி கேட்டது. உன் பெயர் என்ன, கடவுச்சொல் என்ன, எந்த நாடு. எல்லாவற்றுக்கும் பதில் கொடுத்தாள். கடைசியாக, நேரம் இதுதானே, இப்போது திருத்துகிறாயா, பிறகா என்று கேட்டது.

அந்த போர்டுக்குள் கடிகாரத்துக்கு என்று பேட்டரி கிடையாது. இணையத்தைத் தொட்டால்தான் அதற்கு நாளும் நேரமும் தெரியும். இடி விழுந்ததிலிருந்து ஊருக்கு இணையம் வரவில்லை. எதுவும் தெரியாதபோது அந்த வகை போர்டுகள் எல்லாம் ஒரே நாளில்தான் கண் விழிக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒன்று, வியாழக்கிழமை. நம் நாட்டுக் கணக்குக்கு விடியற்காலை ஐந்து முப்பது. இது அரசிக்கு முன்பே தெரியும். ஒரு வரி தட்டினால் திருத்திவிடலாம் என்பதும் தெரியும்.

திரையில் ஐந்து முப்பது என்று இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பதுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. மோனிஷா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டது ஐந்து முப்பதுக்குத்தான்.

பிறகு என்பதைத் தேர்ந்தெடுத்து அழுத்தினாள்.

மோட்டார் உறுமியது. குழாயில் தண்ணீர் ஏறும் ஓசை கேட்டது. வெளியே வெளிச்சம் குறைந்தது. திரையில் நொடிகள் ஓடின. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, மறுபடியும் பூஜ்யம். ஐந்து முப்பத்தொன்று வரவேயில்லை. அரசி கதவைத் திறந்து பார்த்தாள். தெருவிளக்குகள் எரிந்தன. கிழக்கே மலை விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு கீறல் மட்டும் இருந்தது. முகத்தில் மார்கழிப் பனி விழுந்தது. ஓ, என்று நினைத்துக்கொண்டு, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியபடி வீட்டுக்குப் போனாள்.

ஊர் கூடிப் பேசியது. கூடியது தொட்டியடியில்தான், ஏனென்றால் எல்லாரும் தண்ணீர் பிடிக்க வந்திருந்தார்கள்.

"நீ ஏத்துன சிஸ்டந்தான் இந்த வேல பண்ணுதுங்கறாங்களே?" என்று கேட்டார் வேலுத்தாய்.

"ஆமா அத்தை. அதுக்கு நேரம் தெரியல. அஞ்சு முப்பதுன்னே நெனச்சுக்கிட்டு இருக்கு."

"மாத்த முடியுமா?"

"முடியும்."

"மாத்துனா தண்ணி நின்னு போகுமா?"

நிற்காது. நிற்பதற்கு ஒரு காரணமும் இல்லை. அரசி வேலுத்தாயின் முகத்தைப் பார்த்து, "சொல்ல முடியாதுங்க அத்தை" என்றாள்.

வேலுத்தாய் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கூட்டத்துப் பக்கம் திரும்பி, "தொட வேணாம். தண்ணி வருது. விடியறது, அது தோணும்போது விடிஞ்சுக்கிடட்டும்" என்றார். இரண்டு நாள் தண்ணீர் இல்லாமல் கிடந்தவர்களுக்கு அது நியாயமாகவே பட்டது.

அப்படித்தான் கொழிஞ்சிப்பட்டி விடியற்காலைக்குள் குடியேறியது. வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்க, ஊருக்குள் மட்டும் மார்கழிக் குளிர் நின்றது. முதல் வாரம் எல்லாருக்கும் சந்தோஷம். பரணில் கிடந்த கம்பளிகள் இறங்கின. பக்கத்து ஊர்களிலிருந்து சொந்தக்காரர்கள் மூட்டை முடிச்சுடன் வந்து குளிரை அனுபவித்துவிட்டுப் போனார்கள். டீக்கடையில் பாய்லர் அணையவேயில்லை; காலை டீ என்று எத்தனை முறை குடித்தாலும் அது காலை டீயாகவே இருந்தது. பெண்கள் வாசலில் கோலம் போட்டார்கள், வேறு வேலைக்குப் போனார்கள், வந்து பார்த்தால் இன்னும் கோலம் போடும் நேரமாகவே இருந்ததால் பக்கத்திலேயே இன்னொன்று போட்டார்கள். தெரு முழுக்கக் கோலமாகி, நடப்பவர்கள் ஓரமாக நடந்தார்கள். பெருமாள் கோயில் அர்ச்சகர் சாமியைத் துயிலெழுப்பிவிட்டு அடுத்த பூஜைக்கு நேரம் வராததால் திரும்பத் திரும்பத் துயிலெழுப்பினார். ஐந்தாறு தடவைக்குப் பிறகு குரல் கட்டிப்போய், மணியை மட்டும் ஆட்டினார். சேவல்களும் கூவிக் கூவித் தொண்டை கட்டி, கடைசியில் வாயைத் திறந்து திறந்து மூடின.

பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர், ஒன்பது மணி ஆகாமல் பள்ளியைத் திறக்க விதியில் இடமில்லை என்று மேலே எழுதிக் கேட்டார். நேரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் வருகைப் பதிவேட்டை மட்டும் ஒழுங்காக அனுப்பவும் என்று பதில் வந்தது. பஞ்சாங்கம் பார்ப்பவருக்குத்தான் பெரிய சிக்கல். இது மார்கழியா, சித்திரையா? மார்கழி என்றால் கல்யாணம் வைக்க முடியாது. சித்திரை என்றால் வைக்கலாம். ஆனால் ராகு காலமும் எமகண்டமும் வராத ஊரில் எப்போது வைத்தால் என்ன? மூன்று வீட்டுக்காரர்கள் அவரிடம் சண்டை போட்டுவிட்டு, ஊர் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் பந்தல் போட்டு, வெயிலில் தாலி கட்டி, இந்தப் பக்கம் வந்து சூடாகச் சாப்பிட்டார்கள்.

நாளைக் கணக்கு வைத்திருந்தது பேருந்துதான். எல்லைக்கல்லைத் தாண்டியதும் டிரைவர் முகவிளக்கைப் போடுவார். ஆலமரத்தடியில் வண்டி நின்றதும் கண்டக்டர் பிச்சைமணி படிக்கட்டில் நின்று, "இன்னைக்குச் சித்திரை பன்னெண்டு, மணி ரெண்டே முக்கால், வெளிய வெயிலு கொளுத்துது" என்று சத்தமாகச் சொல்வார். அதைக் கேட்பதற்கென்றே கிழவர்கள் போய் நிற்பார்கள். மாத்திரை சாப்பிட வேண்டியவர்கள் பிச்சைமணி குரலை வைத்துத்தான் சாப்பிட்டார்கள். தூக்கம் வந்தவர்கள் தூங்கினார்கள், விழித்தவர்கள் விழித்தார்கள். நேற்று என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாரும் "போன தூக்கத்துக்கு முந்தி" என்று சொல்லப் பழகினார்கள்.

அரசிக்கு இது எதுவும் புதிதாகத் தெரியவில்லை. ஏழு மாதமாக அவள் இருந்த இடத்துக்கு இப்போது ஊரும் வந்து சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். கண் விழித்துக் கைப்பேசியைப் பார்த்தால் ஐந்து முப்பது. குழவி நெஞ்சில் ஏறவில்லை. நன்றாக இருக்கிறது என்றும் தோன்றவில்லை, கெட்டதாகவும் தோன்றவில்லை. சமைத்தாள், பாத்திரம் கழுவினாள், மோட்டார் அறைக்குப் போய் சிவப்புப் பொட்டு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். சோணைமுத்துவுக்கும் இது நல்லதுதான் என்று நினைத்தாள். அவனிடம் கேட்கவில்லை.

மூன்றாம் வாரம் மல்லிகை நின்றது. பனி மல்லிகைக்கு ஆகாது. முதலில், பறிக்கப் பறிக்க மொட்டு மொட்டாகவே இருக்கிறது, வாடவில்லை, விரியவில்லை என்று வியாபாரிகள் மகிழ்ந்துபோய் வண்டி வண்டியாக ஏற்றினார்கள். அது தீர்ந்ததும் புது அரும்பு வைக்க வெயில் இல்லை. செடியில் இருந்த கொஞ்ச அரும்பும் சிவந்து, கருகி, தொட்டால் உதிர்ந்தது. பூ எடுக்கும் பெண்கள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் நின்றார்கள். ஊரின் வாசனையே போய்விட்டது. வெறும் ஈரமண் வாசனை மட்டும் இருந்தது. குழந்தைகளுக்குச் சளி பிடித்து விடவேயில்லை. துணி காயவில்லை. நெல் முளை கட்டிவிட்டது. ஆட்கள் பேசிக்கொண்டே இருக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டுக் கிழக்கே பார்த்தார்கள்.

அடுத்த வீட்டு அழகுமீனா வந்தாள். பூ எடுத்துத்தான் அவள் குடும்பம் ஓடியது.

"அரசி, தண்ணி நின்னா நிக்கட்டும்டி. கெணத்துல எறைச்சுக்கிடுவம். வெயிலு வேணும். அத மாத்திவிட்ரு."

"பாக்குறேன்க்கா."

"எப்ப பாப்ப?"

"இன்னைக்குப் பாக்குறேன்."

'இன்னைக்கு' என்பது முடிவுக்கே வராத ஊரில் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அழகுமீனா என்ன செய்வாள்? போய்விட்டாள். அரசி மோட்டார் அறைக்குப் போனாள். லேப்டாப்பைத் திறந்தாள், வயர்களைச் செருகினாள், தட்ட வேண்டிய வரியைத் தட்டவும் செய்தாள். நாள், மாதம், வருஷம், மணி, நிமிஷம். கடைசியில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். மறுபடி ஒரு தூக்கம் கழித்துப் போனாள், மறுபடி அழித்தாள். அப்படி நாலு தடவை நடந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் பாக்குறேன் என்று சொன்னாள். சொல்லும்போது வெட்கமாக இருக்கிறதா என்று உள்ளே பார்த்தாள். அங்கே எதுவும் இல்லை.

அவளிடம் விஷயத்தைச் சொன்னது கண்டக்டர் பிச்சைமணிதான். அதுவும் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. ஆலமரத்தடியில் தேதியைச் சொல்லிவிட்டு, டீ குடித்துக்கொண்டே, "உங்க வீட்டுக்காரரு ஏன் தெனம் அந்த நேரத்துல எல்லைக்கல்லுகிட்ட நிக்கிறாரு? மொத வண்டி வரும்போது தெனமும் பாக்குறேன். ஏறவும் மாட்டேங்கறாரு" என்றார்.

"எந்த நேரத்துல?"

"எங்க நேரத்துக்கு அஞ்சரை, அஞ்சே முக்கால் இருக்கும்."

அரசி வீட்டுக்குப் போய், தூங்காமல், பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். சோணைமுத்து எழுந்தான். எப்படித்தான் அவனுக்கு நேரம் தெரிந்ததோ, வெளியே உலகம் விடியற்காலைக்கு வந்தபோது சரியாக எழுந்தான். சட்டை போட்டுக்கொண்டு நடந்தான். அவளும் எழுந்து பின்னால் நடந்தாள். ஊரைத் தாண்டி, ஓடைப் பாலத்தைத் தாண்டி, கருகிய மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவே சாலை நீண்டது. எல்லைக்கல் வந்ததும் அவன் அதைக் கடந்து நாலு எட்டு போய் நின்றான். வெளியிலும் அப்போது விடியற்காலைதான் என்பதால் வெளிச்சத்தில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆனால் அவன் நின்ற இடத்தில் பனி இல்லை.

அவன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, சாலையோரம் குந்தினான். பேச ஆரம்பித்தான்.

"கண்ணு, நேத்தும் பூ இல்ல. செடியெல்லாம் கருகிப்போச்சு. உன் சைக்கிளுக்குக் காத்து எறங்கிருச்சு, அடிச்சு வச்சிருக்கேன். அம்மா நல்லாத்தான் இருக்கா. சாப்புடுறா. பேச மாட்டேங்கறா, நானும் பேச மாட்டேங்கறேன்…"

தோள்கள் குலுங்கின. சத்தம் போட்டு அழுதான். அவன் அழுது அரசி பார்த்ததே இல்லை. ஆஸ்பத்திரியிலும் இல்லை, சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்தபோதும் இல்லை. ஒரு நிமிஷம்தான். பிறகு நிறுத்தி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து திரும்பினான். கல்லுக்கு இந்தப் பக்கம் அவள் நிற்பதைப் பார்த்தான்.

இருவருக்கும் நடுவில் எல்லைக்கல் இருந்தது. அவனுக்கு மணி ஐந்து நாற்பத்தொன்று. அவளுக்கு ஐந்து முப்பது.

"தோட்டத்துல நின்னு பேசிக்கிட்டிருந்தேன். இப்ப அங்க அந்த நேரம் வர மாட்டேங்குது. அதான் இங்க வர்றேன்" என்றான்.

"தெனமுமா?"

"அவ போனதுல இருந்து தெனமும்."

"பூ எடுக்கப் போறீங்கன்னுல நெனச்சேன்."

"பூவும் எடுப்பேன்."

"அந்த நேரம் வரவே கூடாதுன்னு நான்தான் மாமா மாத்தாம வச்சிருக்கேன். மாத்துனா தண்ணி நிக்காது. பொய் சொல்லிட்டேன்" என்றாள்.

சோணைமுத்துவுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"ஒரு நாளைக்கு அந்த ஒரு நிமிஷந்தான் அரசி நான் அவகூட இருக்கேன். மத்த நேரமெல்லாம் சும்மா நடமாடிக்கிட்டு இருக்கேன். அத எடுத்துட்டா எனக்கு என்ன இருக்கு?"

"எனக்கு அந்த நிமிஷத்துல ஒண்ணுமே வராது மாமா. கனமா மட்டும் இருக்கும்."

"வா, இந்தப் பக்கம் வா."

அவள் கல்லைப் பார்த்தாள். காலை எடுத்து வைக்கப் பார்த்தாள். முடியவில்லை. "நீங்க இருங்க. நான் போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அவன் கல்லுக்கு அந்தப் பக்கமே சாலையோரம் உட்கார்ந்துகொண்டான்.

ஊருக்குள் வந்து நேராக வேலுத்தாய் வீட்டுக்குப் போனாள். அவர் அடுப்படியில் கைகளை அனலில் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, அன்னைக்கு நான் சொன்னது பொய்."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். உன் மூஞ்சி அப்பிடி இருந்துச்சு, சரி கெடக்கட்டும்னு விட்டேன்" என்றார் வேலுத்தாய். "இப்பிடி இழுத்துக்கிட்டே போவேன்னு நெனைக்கல. போ, போய் செய்யி."

மோட்டார் அறையில் உட்கார்ந்து, வயர்களைச் செருகி, திரையைத் திறந்தாள். நொடிகள் ஓடி ஓடித் தொடங்கிய இடத்துக்கே வந்துகொண்டிருந்தன. அவள் வரியைத் தட்டினாள். இந்த முறை அழிக்கவில்லை. ஆனால் அழுத்தவும் இல்லை. நெடுநேரம் அப்படியே இருந்தாள். வெளியே கோலமாவு டப்பாவோடு யாரோ நடந்தார்கள். கோயில் மணி ஒரு தடவை அடித்தது. பொத்தானின் மேலிருந்த விரல் வேறு யாருடையதோ போல இருந்தது. ஐந்து நாற்பது வந்தால் நாளைக்கும் வரும், நாளை மறுநாளும் வரும், சாகும் வரைக்கும் தினம் ஒரு தடவை வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். பயமாக இருக்கிறதா என்று பார்த்தாள். கொஞ்சம் இருந்தது போல இருந்தது.

தொலைவில் பேருந்து ஹாரன் கேட்டது. ஆலமரத்தடியில் பிச்சைமணி குரல் கொடுத்தார்: "இன்னைக்குச் சித்திரை இருவத்தேழு, மணி பன்னெண்டு இருவது, வெளிய தீயா எரியுது!"

அரசி மணியை மட்டும் திருத்தினாள். பன்னிரண்டு இருபது. அழுத்தினாள்.

போர்டு ஒரு கணம் யோசித்தது. பிறகு திரையில் ஒரே ஒரு வரி வந்தது. பன்னிரண்டு இருபது. நொடிகள் ஓடின, பன்னிரண்டு இருபத்தொன்று ஆனது. மோட்டார் நிற்கவில்லை. தெருவிளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தன.

சூரியன் சிறுமலைக்குப் பின்னாலிருந்து எழுந்து, இருபத்து மூன்று நாள் பாக்கியை ஓட்டமாகத் தீர்ப்பது போல விறுவிறுவென்று ஏறி, உச்சியில் வந்து நின்றது. பனி புகை போல ஒரே மூச்சில் போனது. ஊர் முழுக்க ஜனங்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு கத்தினார்கள். கம்பளிகளை உதறி எறிந்தார்கள். பெண்கள் ஈரத்துணி மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி, வேலி, கூரை, வண்டி, புதர் என்று கண்ட இடத்திலெல்லாம் விரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் மணி அடித்தார்கள், சாப்பாட்டு மணி. கோயிலில் அர்ச்சகர் மூன்று வாரமாக முடிக்க முடியாத துயிலெழுப்பலை முடித்துவிட்டு நேராக உச்சிகால பூஜைக்குப் போனார். சேவல்கள் எங்கோ நிழலில் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டன.

அரசி மோட்டார் அறையைப் பூட்டிவிட்டு வெளியே வந்தாள். சாலையில் இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தாள். நாலு எட்டு வைத்திருப்பாள், நின்றுவிட்டாள். விடியலில் அவசரமாகக் கிளம்பியதில் அவள் செருப்பே போட்டிருக்கவில்லை. தார் ரோடு இளகிக்கொண்டிருந்தது. உள்ளங்கால் எரிந்தது.

வேப்பமர நிழலில் துணி பிழிந்துகொண்டிருந்த அழகுமீனா பார்த்துவிட்டுக் கத்தினாள். "என்னடி நடுரோட்டுல நிக்கிற? நிழலுக்கு வா!"

அரசி நகரவில்லை. "சுடுதுக்கா" என்றாள்.

"சுடாம என்ன செய்யும், சித்திரை வெயிலு! வாடி இங்குட்டு."

"ரொம்பச் சுடுதுக்கா" என்றாள் மறுபடியும். உதடு கோணியது. "ஐயோ, சுடுதே" என்று சொல்லிக்கொண்டே அழுதாள். முதலில் மெதுவாக, பிறகு வாயைத் திறந்து, பிறகு தெருவிலிருந்த எல்லாரும் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கும்படி. அழகுமீனா ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள். அவள் வரவில்லை. கால் மாற்றிக் கால் வைத்தபடி அதே இடத்தில் நின்று, சுடுது சுடுது என்று அழுதாள்.

ஆலமரத்தடியிலிருந்து சோணைமுத்து வந்தான். அந்தப் பேருந்தில்தான் வந்து இறங்கியிருந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தன் செருப்பைக் கழற்றி அவள் காலடியில் வைத்தான். அவளுக்கு அது ரொம்பப் பெரிதாக இருந்தது. இருந்தாலும் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு என்னையும் எழுப்பி விடுங்க" என்றாள், மூக்கை உறிஞ்சியபடி.

"எழுப்புறேன்" என்றான் சோணைமுத்து. அதற்கு மேல் நிற்க முடியாமல், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தத்தித் தத்தி வேப்பமர நிழலுக்கு ஓடினான். அவள் அவனுடைய செருப்பு கழன்றுவிடாமல் விரல்களை இறுக்கிக்கொண்டு, தேய்த்துத் தேய்த்துப் பின்னால் நடந்தாள்.